சிராங்கூன் சாலையின் மறுமுனை

சிராங்கூன் சாலை என்றதும் சிங்கப்பூர்த் தமிழர் நெஞ்சில் தோன்றுவன பூக்கடைகளும் நகைக்கடைகளும், 1855இல் எழுந்த சீனிவாசப் பெருமாள் கோயிலுமே ஆகும். அச்சாலை எங்குச் சென்று முடிந்தது என வினவுவோர் மிகச் சிலரே. நகரைக் கடந்து, அப்பர் சிராங்கூன் சாலை எனப் பெயர் நீண்டு, வடகிழக்கே சென்று, அஃது ஓர் ஆற்றங்கரையில் நின்றது. அக்கரையில் இருந்த மீனவச் சிற்றூரே காங்கார். செங்காங் எனும் இன்றைய புதுநகரின் பழைமையை அறிய விழைவார் அங்கிருந்தே தொடங்குதல் வேண்டும்.

செங்காங் என்பதனைச் செங்கோட்டை, செங்கடல் போலச் செம்மை எனும் அடையொடு கூடியதென மாணவர் மயங்குதல் கூடும். அஃது அன்று. செழித்த துறை என்பது அச்சீனப் பெயரின் பொருள். அங்கிருந்த லோரோங் செங்காங் எனும் சிறு பாதையே நகருக்குப் பெயர் தந்தது. காங்கார் என்பதும் சீனச் சொல்லே. மிளகும் காம்பிரும் பயிரிட்ட தியோச்சியர், ஜொகூர் ஆற்றோரங்களில் தாம் அமைத்த குடியிருப்புகளையும் இப்பெயராலேயே வழங்கினர்.

தோட்டங்களும் சதுப்புக் காடும் சூழ்ந்த அவ்வூருக்கு ஆறே வாயில். 1853இல் கத்தோலிக்கக் குருமார் அங்கு ஒரு தேவாலயத்தை நிறுவினர். 1901இல் எழுந்த அதன் கட்டடம் இன்றும் நிற்கிறது; 2005இல் அது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பெற்றது. மீன்சந்தையோ காங்காரின் தனிச்சிறப்பு. விடியுமுன் படகுகள் கரைசேரும். ஏலம் கேட்போர் தம் விலையை உரக்கக் கூவார். ஏலமிடுவோர் செவியருகே சென்று மெல்ல உரைப்பர். பிறர் கேட்ட விலை ஒருவர்க்கும் தெரியாது. கூச்சலே சந்தையின் இலக்கணம் எனக் கொள்வார்க்கு இது வியப்பளிக்கும்!

1980களின் நடுப்பகுதியில் மீன்துறை பொங்கோலுக்கு மாற்றப்பட்டது. 1997இல் அங்கிருந்தும் செனோக்கோவிற்குப் பெயர்ந்தது. குடில்கள் அகன்றன, மீனவர் மாடிக் குடியிருப்புகளிற் குடியேறினர். துறை மறைந்தபின், 1990களின் பிற்பகுதியில், துறையின் பெயர் தாங்கிய நகர் எழுந்தது. ஆறும் முன்போல் இல்லை. அதன் முகத்துவாரத்தில் அணையிட்டு, 2011இல் நன்னீர்த்தேக்கமாக்கினர். தண்ணீர் அரிதான தீவிற்கு அது தேவையே. ஆயினும் கடலின் ஏற்றவற்றத்தை நம்பிப் படகு செலுத்தியவர் அறிந்த ஆறு அன்று, இன்று காணப்படுவது.

2003இல் திறக்கப்பட்ட வடகிழக்கு ரயில்பாதை, தேக்கா வட்டாரத்தையும் செங்காங்கையும் மீண்டும் ஒரே தடத்தில் இணைத்தது. ரிவர்வேல் பகுதியில் இன்று வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயம் விளங்குகிறது. அவ்வழியே ஓடும் இலகு ரயிலின் நிலையப் பெயர்களை ஆசிரியர்கள் வகுப்பிற் பொருள் கூறி விளக்கலாம். ரும்பியா, மலாயில் சவ்வரிசி தரும் பனை. பக்காவ், கண்டல் மரம். அடுத்து வருவது காங்கார். அதனை அடுத்த ரங்கோங், சதுப்புநிலப் பறவையொன்றின் பெயர். சிராங்கூன் எனும் சொல்லே அப்பறவையின் பெயரினின்று பிறந்தது என்பர்.