சிரிப்புக்கு ஓர் எண்

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1987-இல் ஒரு செவிலியர் குழு வேலையில் இறங்கியது. செவிலியர் என்னதான் செய்கிறார்கள் என்று பட்டியல் போடுவது அதன் நோக்கம். 1992-இல் வந்த முதல் பதிப்பில் 336 செயல்கள் இருந்தன. 2018-இல் வந்த ஏழாம் பதிப்பில் 565. கணினியில் ஏற்றுவதற்கு வசதியாக இன்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. நோயாளியைச் சிரிக்கவைப்பதும் அதில் ஒரு செயல். எண் 5320.

இதைப் படித்தபோது எனக்கும் சிரிப்புதான் வந்தது. எதையும் எண்ணாக்கி அடக்கிவிடுகிற அதிகார அறிவின் இன்னொரு வேலைன்னு ஒதுக்கிவிட்டுப் போயிருப்பேன். அதன் வரலாறு விடவில்லை.

அமெரிக்க மருத்துவமனை பில்லில் மருத்துவருக்குத் தனி வரி, மருந்துக்குத் தனி வரி. செவிலியரின் உழைப்பு மட்டும் அறை வாடகைக்குள், படுக்கையோடும் சாப்பாட்டோடும் சேர்ந்து, பெயரில்லாமல் கிடந்தது. கணினிப் பதிவேட்டிலும் அதே மௌனம் தொடர்ந்தால், செலவைக் குறைக்கும் நாளில் முதல் வெட்டு தங்கள் மேல்தான் விழும் என்பது செவிலியருக்குத் தெரியும். ஆக, இந்தப் பட்டியலை மேலிருந்து யாரும் திணிக்கவில்லை. பதிவேட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த பெண்கள் உள்ளே நுழையத் தாங்களே போட்ட வாசல் அது.

ஆனால் வாசல் என்றால் இரண்டு பக்கமும் நடமாட்டம் இருக்கும், இல்லையா? ஜெஃப்ரி பௌக்கரும் சூசன் லீ ஸ்டாரும் வகைப்படுத்தலைப் பற்றி 1999-இல் எழுதிய நூலில் இதே பட்டியலை எடுத்து ஆராய்ந்தார்கள். கண்ணுக்குத் தெரிய வந்த வேலை கண்காணிக்கத் தக்க வேலையாகவும் ஆகிறது. நுணுக்கி எழுத எழுத, செவிலியர் தானே முடிவெடுக்கிற இடம் சுருங்குகிறது. எழுதாவிட்டால் இல்லாமல் போவோம்; எழுதினால் அளக்கப்படுவோம். இந்தப் பொறியிலிருந்து சுலபமான வெளியேற்றம் கிடையாது.

என் சித்தி முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவர். கடைசி வருஷங்களில் அவர் வார்டுக்கும் கம்ப்யூட்டர் வந்தது. ஏத்தலேன்னா செய்யலேன்னு அர்த்தம் என்பது அங்கே சட்டம். ஓர் இரவு, சாகக் கிடந்த ஒரு பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். "மருந்துக்குக் கட்டம் இருக்கு, பிரஷருக்குக் கட்டம் இருக்கு. கையைப் பிடிச்சதுக்கு எங்கடா டிக் போடுறது?" என்று ஒருமுறை கேட்டார்.

அயோவா பட்டியலில் அதற்கும் இடம் இருக்கிறது: உடனிருத்தல், எண் 5340. கண்டுபிடித்த உற்சாகத்தில் சித்தியிடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"நம்பர் குடுத்துட்டாங்க, சரி. ராத்திரி வார்டுக்கு இன்னொரு ஆள் குடுப்பாங்களா?"

கோட்பாடு பேசுகிற நாம் கட்டம் போடுவது யார் என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறோம். நிரப்பிய கட்டத்தை யார் வாசிக்கிறார்கள், எதற்காக வாசிக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. செவிலியர் இரவெல்லாம் ஏற்றிய எண்களை நிர்வாகம் மட்டுமே வாசித்தால் அது கண்காணிப்பு. அதே எண்களைச் செவிலியர் சங்கம் கூட்டிப் பார்த்து, இத்தனை வேலைக்கு இத்தனை பேர் வேண்டும் என்று மேசையில் வைத்தால் அது கோரிக்கை. பதிவேட்டின் அரசியல் அங்கேதான் தொடங்குகிறது.