எஸ்.வி.வி.யின் இல்லச் சிரிப்பு

திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடைப்பட்ட கூட்டேரிப்பட்டு வழியே செல்லும்போதெல்லாம், மேற்கே திருவண்ணாமலையில் வக்கீலாக விளங்கிய எஸ்.வி.வி.யை நான் நினைத்துக்கொள்வதுண்டு.

1880இல் பிறந்த எஸ்.வி. விஜயராகவாச்சாரியார் முதலில் 'ஹிந்து' பத்திரிகையில் ஆங்கிலத்தில் நகைச்சுவை வரைந்தார்; 1930களில் 'ஆனந்த விகடன்' வாயிலாகத் தமிழுக்கு வந்தார்.

அரசரையும் போரையுமே சரித்திரமெனப் பயில்கிறோம். கணவன் மனைவி பிணக்கும், மாப்பிள்ளை மிடுக்கும், பெண்ணைப் பெற்றவர் கவலையும் எந்தச் சாசனத்தில் உள்ளன? அவற்றைத் தம் வீட்டு நிகழ்ச்சிபோலவே கூறி, தம்மையே முதலில் நகைப்புக்கு ஆளாக்கினார் அவர்.

ஆயினும், அவர் காட்டியது பெரும்பாலும் நடுத்தர அந்தணர் இல்லமே. வயலில் உழைத்தோர் வீட்டுச் சிரிப்பு அதில் பெரிதும் இடம்பெறவில்லை. 1950இல் அவர் மறைந்தார்.

மாணவர்களே, உங்கள் இல்லத்துப் பெரியோர் கூறும் வேடிக்கைகளைக் குறித்து வையுங்கள். சரித்திரத்தில் விடுபட்ட ஏடுகள் அவ்வாறே நிரம்பும்.