சமையலறையில் சுழன்ற லென்ஸ்

1961, கிறிஸ்துமஸ். பிராக் நகரமே பண்டிகையில் இருக்கிறது. ஓட்டோ விக்தெர்லே மட்டும் வீட்டுச் சமையலறையில் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். தகடு, ஸ்க்ரூ, பல்சக்கரமெல்லாம் கொடுத்து கிரேன் செய், கார் செய் என்பார்களே, அந்த ரகம். மனுஷன் செய்தது, கான்டாக்ட் லென்ஸ் மெஷின். சுழற்ற ஒரு சைக்கிள் டைனமோ. கரன்ட்டுக்குக் காலிங்பெல் டிரான்ஸ்ஃபார்மர்.

இத்தனைக்கும் அவர் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர். 1958 அரசியல் களையெடுப்பில் பேராசிரியர் வேலை போய், பிறகு கிடைத்த நாற்காலி. அங்கே லென்ஸ் ஆராய்ச்சியை, 'இது தேறாது' என்று அரசாங்கம் ஊற்றி மூடிவிட்டது.

அதற்கு முன்பும் பிளாஸ்டிக் லென்ஸ் உண்டு. அக்ரிலிக். கண்ணாடி போலத் தெளிவு, கண்ணாடி போலவே விறைப்பு. தண்ணீர் குடிக்காது. ஈரமான கண்ணுக்குள் அதை வைத்தால்? மணல் விழுந்தாற்போல் உறுத்தல்.

விக்தெர்லேயும் சகா த்ரஹோஸ்லாவ் லீமும் அதே அக்ரிலிக் குடும்பத்தில் இன்னொரு உறவுக்காரரைப் பிடித்தார்கள். பெயர் ஹெமா. (நம்மூர் ஹேமா இல்லை!) தண்ணீரைக் கண்டால் விடாது. இந்த மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோர்க்கவேண்டும். கோர்ப்பது ஃப்ரீ ராடிகல். ஜோடியில்லாத எலெக்ட்ரானோடு தவிக்கிற துண்டு. ஒரு மூலக்கூறைப் பிடிக்கும்; தவிப்பு அதற்குத் தொற்றும்; அது அடுத்ததைப் பிடிக்கும். பி.காம் படித்த எனக்கே புரிகிறது, உங்களுக்குப் புரியாதா? கூடவே, இரண்டு கை உள்ள வேறொரு மூலக்கூறைத் துளியூண்டு சேர்த்தால் சங்கிலிகளுக்கு நடுவே பாலம் விழுந்து வலையாகிவிடும். அப்புறம் தண்ணீரில் ஊறும், கரையாது. ஊறிய ஜவ்வரிசி மாதிரி வழுவழு. 1960-லேயே 'நேச்சர்' இதழில் இதை எழுதிவிட்டார்கள்.

ஆனால், மூடிய அச்சில் வார்த்தால் லென்ஸின் ஓரம் பிய்ந்தது. அதற்குத்தான் சமையலறை மெஷின். காபி டம்ளரில் ஸ்பூனை விட்டு வேகமாகச் சுழற்றுங்கள். ஓரம் ஏறி, நடுவில் குழியும். அப்படியே உறைந்துவிட்டால்? அதான் லென்ஸ்! அன்றைக்கு நாலு தேறியது. அடுத்த சில மாதங்களில் மனைவி லிண்டாவோடு சேர்ந்து சுமார் 5,500 லென்ஸ்கள் செய்துவிட்டார்.

காப்புரிமை அவர் கையில் இல்லை. அரசு விஞ்ஞானக் கழகம் அதை ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு விற்றது. அங்கிருந்து பாஷ் அண்டு லோம்ப் கைக்குப் போனது. 1971-ல் அமெரிக்க அரசு விற்பனைக்கு அனுமதி தந்தபோது விக்தெர்லே இயக்குநராகவும் இல்லை. 1968-ல் சீர்திருத்தக்காரர்கள் பக்கம் நின்றதற்காக அந்த நாற்காலியும் போயிருந்தது.