மலையேறிச் செல்லும் மருத்துவம்

நோயாளி மருத்துவரைத் தேடிச் செல்வதே உலக வழக்கு. மருத்துவர் நோயாளியைத் தேடிச் செல்வது அரசின் கடமை என்னும் எண்ணம் எப்போது எழுந்தது என வரலாற்றைப் புரட்டினால், பத்தாம் நூற்றாண்டின் பகுதாது நகரம் நம் கண்முன் வந்து நிற்கிறது. அப்பாசியக் கலீபா முக்ததிரின் அமைச்சர் அலீ இப்னு ஈஸா, தலைமை மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித்துக்கு மடல் ஒன்று வரைந்தார். ஸவாது நாட்டுப்புறங்களில் நோயாளிகள் உள்ளனர், மருத்துவர்கள் இல்லை. எனவே மருந்துகளுடன் மருத்துவர்களை அங்கு அனுப்ப வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் தேவையுள்ள வரை தங்கிச் சிகிச்சை அளித்த பின்னரே அவர்கள் அடுத்த இடத்துக்குச் செல்ல வேண்டும். இதுவே அம்மடலின் சாரம்.

'தேவையுள்ள வரை தங்குதல்' என்னும் அந்த அளவுகோலைக் கொண்டு நமது சேர்வராயன் மலையை நோக்குவோம்.

1820ஆம் ஆண்டில் சேலத்தின் கலெக்டராக வந்த காக்பர்ன் என்பவர் இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகம் செய்தார். தோட்டங்கள் பெருகின. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காடு, சமவெளியின் வெப்பம் தாளாத ஐரோப்பியர்க்கு உடல்நலம் தேடும் இடமாயிற்று. காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் குடியேறியதாக வாய்மொழி மரபு கூறும் மலையாளிப் பழங்குடியினரோ, மலைச் சிற்றூர்களில் மூலிகையையும் நாட்டு வைத்தியரையுமே நம்பி வாழ்ந்தனர். பிறர் நலம் தேடி வந்த மலையில், அம்மலையின் மக்களுக்கு மருத்துவம் எட்டாதிருந்தது!

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் மருத்துவ வசதி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட உரிமையாளர் மீது சுமத்தியது. நல்ல சட்டமே. ஆயினும் தோட்டத்துப் பதிவேட்டில் பெயரில்லாத சிற்றூர்வாசிக்கு அதனால் பயன் இருக்கவில்லை. பின்னர் அரசு வகுத்த நெறிப்படி, சமவெளியில் 30,000 பேருக்கும் மலையில் 20,000 பேருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் அமைய வேண்டும். மலையின் அருமை உணர்ந்த சலுகைதான் இது. ஆனால் தலைகளை எண்ணும் கணக்கில் ஒற்றையடிப் பாதையின் நீளம் அடங்குவதில்லை. சிகிச்சை இலவசமே என்றாலும், மலையிறங்கி வருபவர் ஒரு நாள் கூலியை இழக்கிறார். பேருந்துக் கட்டணமும் கொடுக்கிறார்.

இதற்கு விடை கண்டோர் அண்டையிலேயே உள்ளனர். கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே, தருமபுரி மாவட்டத்தில் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. 1993இல் மருத்துவத் தம்பதியரான ரெஜி ஜார்ஜும் லலிதாவும் அங்கே ஒரு கூரைக் குடிசையில் பணியைத் தொடங்கினர். அந்நாளில் அங்கு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. இருவரும் அங்கேயே தங்கினர். பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளராகப் பயிற்றுவித்தனர். மரண விகிதம் பன்மடங்கு குறைந்தது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் இவ்வழியில் அமைந்ததே. இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளைப் பெண் தன்னார்வலர்கள் இல்லங்களுக்கே கொண்டு சேர்ப்பது அதன் முறை.

ஏற்காட்டு மலைக்கு இலவச முகாம் நடத்த வரும் நல்லோரை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும் ஒன்றை அவர்கள் சிந்திக்க வேண்டும். நீரிழிவு இருப்பதை ஒரு காலைப்பொழுதில் கண்டறியலாம். அதற்கான மாத்திரையோ மாதந்தோறும் வேண்டும். முகாம் முடிந்து ஊர்தி மலையிறங்கிய பின், அடுத்த மாத்திரையை யார் கொண்டு வருவார், எந்நாளில் வருவார் என்பதை அந்நோயாளி அறிந்திருக்க வேண்டும். பகுதாது அமைச்சர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கேட்டதும் அவ்வளவே.