பழவேற்காடு: வெடிமருந்தும் வெற்றுவெளியும்

சுடுதளம் ஒன்றை முதன்முதலாகப் பார்த்த நாளை எவரும் எளிதில் மறப்பதில்லை. எங்கள் குழுவில் மூவர் கல்லூரிக் காலத்தில் தேசிய மாணவர் படையில் இருந்தவர்கள். புள்ளி இருபத்திரண்டு துப்பாக்கியை முதல் முறையாகத் தோளில் அணைத்தபடி தரையில் குப்புறப் படுத்த அந்தக் காலையில், எங்கள் கண்கள் இயல்பாகவே இலக்குப் பலகையை நோக்கித்தான் சென்றன. பயிற்சி கொடுத்த ஹவில்தார் அதட்டினார். பலகையைப் பிறகு பார்க்கலாம். முதலில் பலகைக்கு முன்னால், பின்னால், இருபுறமும் யாராவது நடமாடுகிறார்களா என்று பார்க்கச் சொன்னார். பலகைக்குப் பின்னால் உயர்த்திக் கட்டியிருந்த மண்மேட்டையும், அதன் உச்சியில் ஏற்றியிருந்த சிவப்புக் கொடியையும் காட்டினார். கொடி பறக்கும் வரை அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவர்கூட வரக்கூடாது. ஐந்து தோட்டாக்கள் கொடுத்தார்கள். எங்களில் ஒருவருடைய ஐந்தும் மண்மேட்டிற்கே காணிக்கையாயின. மற்ற இருவர் தம் மதிப்பெண்ணை இன்றுவரை வெளியிடவில்லை.

அன்று விளங்காத ஒன்று பிற்காலத்தில் விளங்கியது. சுடுதளம் என்பது சுடுபவர் படுத்திருக்கும் இடமன்று. அவருக்கு எதிரே ஆளில்லாமல் செய்யப்பட்ட வெளிதான் சுடுதளம். துப்பாக்கி சிறிதென்றால் இருபத்தைந்து மீட்டரும் ஒரு மண்மேடும் போதும். துப்பாக்கி பெரிதாகப் பெரிதாக வெளியும் பெரிதாக வேண்டும்.

நிற்க. இந்தப் பழங்கதை இப்போது நினைவுக்கு வந்ததற்குப் பழவேற்காடுதான் காரணம். டச்சுக்காரர்களின் கோட்டை மேட்டையும் கல்லறைத் தோட்டத்தையும் பார்த்துவர வேண்டும் என்று நெடுநாளாகத் திட்டமிட்டு, ஒருவழியாக 2025 ஜனவரி இறுதியில் கிளம்பினோம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நூறாவது ஏவுகலம் 29ஆம் தேதி விடிகாலை கிளம்பப்போகிறது என்பது பொன்னேரியைத் தாண்டிய பிறகுதான் எங்களில் ஒருவருக்கு நினைவு வந்தது. அன்றிரவு அங்கேயே தங்கிவிட்டோம். இருள் பிரியும் முன்னரே ஏரியின் மேலுள்ள பாலத்தைக் கடந்து லைட் ஹவுஸ் குப்பத்துக் கடற்கரையில் போய் நின்றோம். ஃபைபர் படகுகள் மணலில் வரிசையாகக் கிடந்தன. ஏவும் நாட்களில் குறிப்பிட்ட நேரம்வரை கடலுக்குப் போகவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது வழக்கம். வலையை மடித்துவைத்துக்கொண்டு ஒரு பெரியவர் படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

இந்த ஏரிக்கரைக்கு வெடிமருந்து புதிதன்று. விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரிடம் அனுமதி பெற்று 1610இல் டச்சுக்காரர்கள் இங்கே கால்பதித்தார்கள். சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர் 1612இல் அவர்களுடைய பண்டசாலையைத் தாக்கி அழித்தனர். அடுத்த ஆண்டே கோட்டை எழுந்தது. அதைக் கட்டி முடித்த வெம்மர் வான் பெர்கெம் தம் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் நினைவாக அதற்கு கெல்ட்ரியா என்று பெயர் வைத்தார். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாற்றப்படும்வரை சோழமண்டலக் கரையின் டச்சு வணிகம் முழுவதும் இந்தக் கோட்டையிலிருந்துதான் நடத்தப்பட்டது.

பழவேற்காடு என்றதும் வரலாற்று நூல்கள் துணி வணிகத்தைத்தான் முதலில் பேசும். அது நியாயமே. ஆனால் இங்கே இன்னொரு தொழிலும் நடந்தது. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றையும் அரைத்துக் கலந்து வெடிமருந்து செய்யும் ஆலை ஒன்றை டச்சுக் கம்பெனி இங்கே வைத்திருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் பத்தாவியாவிற்கும், நறுமணத் தீவுகளுக்கும், இலங்கைக்கும், தாய்நாடு திரும்பும் கப்பல்களுக்கும் வேண்டிய மருந்து இங்கிருந்து போயிற்று. ஜாதிக்காய்க்காகவும் கிராம்புக்காகவும் கீழைத்தீவுகளில் வெடித்த பீரங்கிகளில் எத்தனைக்குப் பழவேற்காட்டு மருந்து கிட்டிக்கப்பட்டதோ, யார் கண்டது? துணியோடும் மருந்தோடும் மூன்றாவதாகவும் ஒரு சரக்கு ஏறியது. பஞ்ச காலங்களில் விலைபோன ஆயிரக்கணக்கான மனிதர்கள் அடிமைகளாக இதே துறையிலிருந்து பத்தாவியாவிற்குக் கப்பலேற்றப்பட்டார்கள். கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் நிற்கும் இரண்டு கல் எலும்புக்கூடுகளைப் படமெடுக்கச் செல்பவர்கள் இதையும் நினைத்துக்கொள்வது நல்லது. டச்சு அதிகாரிகளுக்கும் அவர்களுடைய மனைவி மக்களுக்கும் அங்கே அழகாகச் செதுக்கிய கல்வெட்டுகள் உள்ளன. கப்பலேறியவர்களுக்கு ஒன்றும் இல்லை.

டச்சுப் பீரங்கிகளின் நிழலில் வணிகம் செய்ய முடியாமல் ஆங்கிலேயர் ஏரியின் வடக்குமுனைப் பக்கம் ஒதுங்கி, 1626இல் ஆர்மகான் என்று அவர்கள் அழைத்த துர்கராஜப்பட்டினத்தில் ஒரு சிறு கோட்டை போட்டார்கள். அங்கும் சரக்கு கட்டுப்படியாகவில்லை. தெற்கே இறங்கி 1639இல் அவர்கள் பிடித்த மணல்திட்டுதான் சென்னப்பட்டினமானது. பழவேற்காட்டில் இடம் கிடைத்திருந்தால் நம் மாநகரம் எங்கே எழுந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது சுவையான பொழுதுபோக்கு. அதற்கு இங்கே இடமில்லை. 1781இல் ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றினர், திருப்பிக் கொடுத்தனர், மீண்டும் எடுத்துக்கொண்டனர், 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அடுத்த ஆண்டு ஊர் முழுமையாக அவர்கள் கைக்கு வந்தது. இன்று கோட்டை இருந்த இடத்தில் புதர் மண்டிய மேடும் அதைச் சுற்றி அகழியும்தான் மிச்சம்.

அதன்பின் அரசாங்கத்தின் கண் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவின்மேல் விழுந்தது. சென்னையின் அடுப்புகளுக்கு விறகு வேண்டும். 1835இல் சென்னை அரசாங்கம் தீவைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பிற்காலத்தில் பக்கிங்ஹாம் கால்வாய் எனப் பெயர்பெற்ற நீர்வழியில் விறகுப் படகுகள் பட்டணத்திற்குச் சென்றன. காட்டில் விறகு வெட்டவும், தேனும் மூலிகையும் சேகரிக்கவும் ஆட்கள் வெளியிலிருந்து வரவேண்டியிருக்கவில்லை. யானாதிகள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். எட்கர் தர்ஸ்டன் தொகுத்த தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில் (1909) அவர்களைப் பற்றிய பதிவு இருக்கிறது. காடு அரசாங்கத்தினுடையது என்று ஆன நாளில், காட்டின் மக்கள் அதன் கூலிகளாக ஆனார்கள். ஆனாலும் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். விறகுக்கு ஆள் தேவைப்பட்டது.

1969இல் வந்த தேவைக்கு ஆள் தேவைப்படவில்லை. திருவனந்தபுரம் அருகே தும்பா என்ற மீனவ ஊரில் 1963 நவம்பர் 21 அன்று முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவித் தொடங்கிய இந்திய விண்வெளித் திட்டம், செயற்கைக்கோளைச் சுமந்து செல்லும் பெரிய ஏவுகலங்களுக்கு வேறு இடம் தேடியது. பூமியின் சுழற்சி தரும் வேகத்தைப் பயன்படுத்திக்கொள்ளக் கிழக்கு நோக்கி ஏவ வேண்டும். கிழக்கே கடல் இருக்க வேண்டும். சுற்றிலும் குடியிருப்பு இருக்கக்கூடாது. ஹவில்தார் சொன்ன அதே விதிதான், அளவு மட்டும் வேறு. நூறு சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட தீவு தேர்ந்தெடுக்கப்பட்டது. குடியிருப்பு இருக்கக்கூடாது என்ற நிபந்தனை குடியிருப்புகளை அகற்றி நிறைவேற்றப்பட்டது. யானாதிகளில் பலர் ஏரிக்கு அக்கரையில் குடியமர்த்தப்பட்டனர். சிலர் வேலியின் உள்ளேயே கூலி வேலையில் தங்கினர். 1971 அக்டோபர் 9 அன்று முதல் ரோகிணி ராக்கெட் கிளம்பியது.

அந்த இடத்திற்கு வைத்த பெயரில் 'ரேஞ்ச்' என்ற சொல் இருந்தது. ஸ்ரீஹரிகோட்டா ஹை ஆல்டிட்யூட் ரேஞ்ச், சுருக்கமாக 'ஷார்'. சரம் என்றால் அம்பு. பெயர் பொருந்தித்தான் இருக்கிறது. 2002 செப்டம்பரில் சதீஷ் தவன் பெயர் சூட்டப்பட்டது. அவர் பறவைகள் பறக்கும் விதத்தைப் பற்றித் தனி நூல் எழுதியவர். பூநாரைகள் வந்திறங்கும் ஏரியின் கரையில் அவருடைய பெயர் நிலைத்ததும் பொருத்தமே. மனிதர்கள் வெளியேறியதால் தீவின் காடு கோடாரியிலிருந்து தப்பியது என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. கரையோரத்து உலர் பசுமைமாறாக் காடு சோழமண்டலக் கடற்கரையில் பெரும்பாலும் அழிந்துவிட்ட நிலையில், அங்கே இன்றும் அடர்ந்து நிற்கிறது. யாருடைய இழப்பில் என்ற கேள்வியை அந்தக் காட்டிடம் கேட்க முடியாது.

திட எரிபொருள் என்பதும் அடிப்படையில் டச்சு ஆலையின் மருந்துக்கு உறவுதான். எரிவதற்கு ஒரு பொருள், காற்றின் துணையின்றி அதை எரியவைக்கும் உயிர்வளியைத் தர இன்னொரு பொருள். அன்று கரியும் வெடியுப்பும். இன்று அலுமினியத் தூளும் ரப்பர் போன்ற பிசினும், அவற்றோடு அம்மோனியம் பெர்குளோரேட்டும். நாங்கள் காத்திருந்த ஜி.எஸ்.எல்.வி.யின் முதல் அடுக்கில் மட்டும் இந்தக் கலவை ஏறத்தாழ 139 டன். இதைக் கையாள்வது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 2004 பிப்ரவரி 23 சாட்சி. அன்று தீவில் நிகழ்ந்த தீவிபத்தில் ஆறு பேர் உயிரிழந்தனர்.

கடலை ஏன் காலி செய்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கும் விடை உண்டு. 1979 ஆகஸ்ட் 10 அன்று கிளம்பிய முதல் எஸ்.எல்.வி. சில நிமிடங்களில் வங்கக் கடலில் விழுந்தது. 2006 ஜூலை 10 அன்று ஒரு ஜி.எஸ்.எல்.வி. கிளம்பிய ஒரு நிமிட அளவிலேயே திசைமாறிச் சிதறி, துண்டு துண்டாகக் கடலில் இறங்கியது. 2010 கிறிஸ்துமஸ் அன்று இன்னொன்று. ஆகவே கடலுக்குப் போகாதே என்பது வெறும் அதிகாரிகளின் கெடுபிடி அன்று; உயிர்காக்கும் சொல்தான். எங்கள் மனக்குறை வேறு. சுடுதளத்து ஆட்டிடையன் கொடி இறங்கியதும் வேறு பக்கம் மேய்த்த ஆட்டைத் திருப்பிக்கொண்டு வரலாம். போன மீன் கூட்டத்தைத் திருப்பிக்கொண்டு வர முடியாது.

வரைபடம் வரைபவருக்கு நீர் வெறுமையாகத் தெரியும். பழவேற்காட்டு ஏரியின் நீர் அப்படிப்பட்டதன்று. கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய பட்டினவர் ஊர்களில் 'பாடு' என்றொரு முறை வழிவழியாக இருந்துவருகிறது. முகத்துவாரத்தை ஒட்டி இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களில் கழி நட்டு வலை கட்டும் உரிமை அது. எந்த நாளில் எந்த ஊருக்கு எந்த இடம், ஊருக்குள் எந்தத் தலைக்கட்டுக்கு முறை என்பதெல்லாம் சீட்டுப் போட்டும் முறைவைத்தும் தீர்மானிக்கப்படும். ஒருவருடைய நாளில் இன்னொருவர் வலை கட்டினால் ஊர்க்கூட்டம் கேட்கும். கண்ணுக்கு எந்த வரப்பும் தெரியாத நீரில் இவ்வளவு நுணுக்கமான கணக்கு ஓடுகிறது. இதை மிகையாகப் புகழ்வதும் தவறு. பாட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஊர்களும் சாதிகளும் இதே ஏரிக்கரையில் இருக்கின்றன. அவர்களுடைய மனத்தாங்கலும் பழையதே. ஆனால் புகழ்ந்தாலும் குறை சொன்னாலும், அந்த நீரில் ஆளில்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது.

மணி ஆறு இருபதைத் தாண்டியது. வடக்கே அடிவானம் மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தது. 6.23க்கு அங்கே ஓர் ஒளி மூண்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது காட்டின் விளிம்பைவிட்டு எழுந்து, வாலில் புகையை நீட்டிக்கொண்டு கிழக்கே சாய்ந்தது. ஓசையே இல்லை. எங்களில் ஒருவர் கையைத் தட்டத் தொடங்கி, மற்றவர்கள் சேராததால் நிறுத்திக்கொண்டார்.

"இருங்க தம்பி, சத்தம் பின்னாலதான் வரும்" என்றார் பெரியவர்.

ஏவுமேடை அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒலி வந்துசேர ஒன்றரை நிமிடம் ஆகும் என்று பிறகு கணக்கிட்டுத் தெரிந்துகொண்டோம். அவருக்குக் கணக்குத் தேவைப்படவில்லை. மடித்த வலையின்மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒளி ஒரு புள்ளியாகச் சிறுத்த பிறகு, மணலுக்கு அடியிலிருந்து வருவதுபோல ஓர் உறுமல் எழுந்து, படகுகளின் பலகைகளை அதிரவைத்து, தெற்கே போயிற்று. கரைக்கொக்குகள் சில எழும்பி மீண்டும் அமர்ந்தன. அன்று ஏவிய செயற்கைக்கோள் பின்னர் ஒரு வால்வு திறக்காததால் தன் இறுதிச் சுற்றுப்பாதையை அடையவில்லை. அந்த விடியலில் அது யாருக்கும் தெரியாது.

"எத்தனை பார்த்திருப்பீங்க ஐயா?"

"எண்ணினதில்ல. மொத மொத போனப்போ நான் சின்னப் பையன். ஆயா என்னை வீட்டுக்குள்ள இழுத்துக்கிச்சு."

அவர் எழுந்து நீரைப் பார்த்தார். கடலுக்குப் போக இன்னும் சொல்லி அனுப்பவில்லையாம். அதனால் மகன் ஏரிப் பக்கம் போயிருக்கிறானாம். ஏரியில் இன்று யாருடைய பாடு என்று கேட்டோம். முகத்துவாரத்துப் பக்கம் கையை நீட்டி, எந்த ஊர், எத்தனை வலை, நாளை யாருக்கு, நாளை மறுநாள் யாருக்கு என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனார். எங்களில் ஒருவர் குறித்துக்கொள்ள முயன்று பாதியிலேயே விட்டுவிட்டார்.