விதியும் விவேகமும்: ஒரு விளையாட்டூரின் வரலாறு

சட்டம் ஆளவேண்டுமா, சான்றோர் ஆளவேண்டுமா என்பது மனிதர் கூடிவாழத் தொடங்கிய காலந்தொட்டு நிலவிவரும் வினாவாகும். எழுதிவைத்த விதி எல்லோர்க்கும் ஒன்றே. அது முகம் பார்ப்பதில்லை. நண்பன் என்று தளர்வதும் பகைவன் என்று இறுகுவதும் அதற்கு இல்லை. ஆயின், விதியை வகுத்தோர் எண்ணிப்பாராத நிலைமையொன்று வந்துறும்பொழுது அது வாய்திறவாது நிற்கின்றது. அறிவும் அருளும் உடைய அதிகாரி ஒருவர் அவ்வேளையில் தக்கதைச் செய்வார். ஆனால், அவரைக் கேள்வி கேட்போர் யார், அவருக்குப் பின் வருபவர் எத்தகையவர் என்ற ஐயங்கள் உடனே எழுகின்றன. கிரேக்க ஞானி அரிஸ்டோட்டில் இவ்வினாவை ஆராயுமிடத்து, லெஸ்போஸ் தீவின் கட்டடக் கலைஞர் கையாண்ட ஈய அளவுகோலை உவமையாகக் காட்டினார். கல்லின் வடிவுக்கேற்ப வளைந்துகொடுக்கும் கோல் அது. நீதியும் சில வேளைகளில் அங்ஙனம் வளைந்துகொடுத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து.

நாடுகளின் வரலாற்றில் இவ்விரு நெறிகளும் மாறிமாறித் தலையெடுப்பதைக் காண நூற்றாண்டுகள் பல வேண்டும். ஆனால், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், கணனிகளை இணைத்த கம்பிகளின் வழியே தோன்றிய சில விளையாட்டு உலகங்களில் இம்மாற்றங்கள் யாவும் ஒரு சில ஆண்டுகளுக்குள்ளேயே நிகழ்ந்து முடிந்தன. விளையாட்டுத்தானே என்று ஒதுக்கிவிடுதற்கில்லை. அரசியல் ஆராய்வோர் சோதனைச்சாலையில் காண விரும்பியும் காணமுடியாத ஒன்றினை அவ்வுலகங்கள் கண்கூடாகக் காட்டின.

அவற்றுள் மூத்தது இங்கிலாந்திலே பிறந்தது. எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவரான றோய் ட்ரப்ஷோ 1978ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கினார். அவருடைய தோழர் றிச்சட் பார்ட்டில் அதனை வளர்த்தெடுத்தார். படங்கள் எவையும் அதில் இல்லை, யாவும் சொற்களே. ஆட்டக்காரர் ஒருவர் தம் கணனியில் கட்டளையொன்றை எழுத, அவர் நிற்கும் இடமும் அங்குள்ள பொருள்களும் உடனிருப்போரும் எழுத்து வடிவில் விரியும். போதிய புள்ளிகளை ஈட்டியவர் அங்கே ‘மந்திரவாதி’ ஆவார். ஏனையோர்க்கில்லாத ஆற்றல்கள் அவருக்குக் கிட்டும். பின்வந்த விளையாட்டுகளில் அப்பெயர் நிருவாகிகளுக்கே உரியதாயிற்று. மந்திரவாதி என்றால், அவ்வுலகைப் படைக்கவும் மாற்றவும், ஒருவரை அங்கிருந்து அடியோடு அகற்றவும் வல்லவர் என்பது பொருள்.

1986ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் லூக்காஸ் பிலிம் நிறுவனத்தின் விளையாட்டுப் பிரிவினர் ‘ஹபிட்டாட்’ என்னும் படங்களோடு கூடிய உலகொன்றைச் சோதனையாக நடத்தினர். கொமடோர் 64 என்னும் சிறு கணனியும் தொலைபேசி இணைப்பும் உடையோர் அதில் வாழலாயினர். அதனை அமைத்த சிப் மோர்னிங்ஸ்டார், றண்டல் பாமர் ஆகிய இருவரும் தாம் கண்டவற்றைப் பின்னர் கட்டுரையாக எழுதினர். அதிற் சொல்லப்பட்ட இரு நிகழ்ச்சிகள் எண்ணத்தக்கவை.

ஹபிட்டாட்டில் ஓரிடத்துப் பொறி பொம்மையொன்றை 75 நாணயத்துக்கு விற்றது. வேறோரிடத்துப் பொறி அதே பொம்மையை 100 நாணயத்துக்கு வாங்கியது. 18,000 நாணயத்துக்கு விற்கப்பட்ட பளிங்குருண்டையை 30,000 நாணயத்துக்கு வாங்கும் பொறியும் இருந்தது. அமைத்தோரின் கவனக்குறைவே இதற்குக் காரணம். இதைக் கண்டுகொண்ட சிலர் இரவு முழுவதும் இரண்டிடத்துக்கும் ஓடியோடி வாங்கி விற்க, விடிவதற்குள் அவ்வுலகின் பணம் ஐந்து மடங்காகப் பெருகிவிட்டது. அவர்கள் எவ்விதியையும் மீறவில்லை. நிருவாகிகள் அவர்களைத் தண்டிக்காது விட்டனர். அப்புதுச் செல்வரோ தம் பணத்தைக் கொண்டு ஏனையோர்க்குப் புதையல் தேடும் போட்டிகளை நடத்தினர்.

மற்றொரு நிகழ்ச்சி ஆட்டக்காரர் கைக்கு எட்டக்கூடாத துப்பாக்கியொன்றைப் பற்றியது. ஒரே வெடியில் எவரையும் வீழ்த்தும் அவ்வாயுதம் தவறுதலாக ஆட்டக்காரர் கையிற் சிக்கியது. நிருவாகிகள் அதைத் திருப்பித் தராவிடின் இணைப்பைத் துண்டித்துவிடுவோம் என்று அச்சுறுத்தினர். ஆயுதம் மீண்டது, ஆனால், மனக்கசப்பே எஞ்சியது. இரண்டாம் முறையும் இத்தகைய தவறு நேர்ந்தபொழுது அவர்கள் வேறு வழியை நாடினர். விளையாட்டின் விதிகளுக்குள்ளேயே நின்று, 10,000 நாணயம் மீட்புப்பணமாகக் கொடுத்து, ஊர் நடுவே யாவரும் காண அதனைப் பெற்றுக்கொண்டனர். எல்லோரும் மகிழ்ந்தனர். அதிகாரம் ஒன்றே; கையாண்ட முறைதான் வேறு.

இவ்விரு நிகழ்ச்சிகளும் முன்னுரை போல்வன. முழு வரலாறும் ‘லாம்டாமூ’ என்னும் ஊரிலே நிகழ்ந்தது.

கலிபோர்னியாவிலுள்ள செரொக்ஸ் நிறுவனத்தின் பலோ ஆல்ட்டோ ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய பவெல் கேர்டிஸ் 1990ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கினார். தாம் வாழ்ந்த வீட்டையே மாதிரியாகக் கொண்டு அதனை அமைத்தார். புதிதாக வருபவர் மேலங்கிகள் மாட்டும் இருண்ட சிற்றறையொன்றில் கண்விழிப்பார். கதவைத் திறந்தால் வரவேற்பறை. அங்கே கணப்படுப்பு, சுற்றிலும் உரையாடும் மாந்தர். இங்கும் யாவும் சொற்களே. வந்தோர் தாமே புதிய அறைகளையும் பொருள்களையும் எழுதிச் சேர்க்கலாம் என்பது இதன் தனிச்சிறப்பு. ஆதலால், சின்னாட்களில் வீடு மாளிகையாயிற்று, மாளிகை ஊராயிற்று.

ஊர் பெருகவே பூசலும் பெருகியது. முறைப்பாடுகள் யாவும் கேர்டிசையும் அவர்தம் துணை மந்திரவாதிகளையுமே வந்தடைந்தன. நன்னடத்தைக் குறிப்பொன்று எழுதி வைக்கப்பட்டது. ஆயினும், யார் வம்புசெய்தவர், யார் பொறுத்தவர், எவருக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பனவற்றையெல்லாம் மந்திரவாதிகளே தம் அறிவுக்குத் தோன்றியவாறு தீர்த்துவைத்தனர். தீர்ப்புப் பெற்றவர் வாழ்த்தினர். பெறாதவர் கொடுங்கோன்மை என்றனர். மந்திரவாதிகளுக்கு ஊதியம் கிடையாது, உறக்கமும் குறைந்தது.

1992ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 9ஆம் நாள் கேர்டிஸ் ஓர் அறிக்கை வெளியிட்டார். தாய்ப்பறவை கூட்டைக் காப்பதுபோல் மந்திரவாதிகள் இச்சமூகத்தைக் காத்த காலம் முடிந்துவிட்டது. இனி அவர்கள் கணனியைப் பேணும் தொழில்வல்லுநர் மாத்திரமே. மக்களின் பிணக்குகளில் தலையிடார் என்பது அதன் சாரம். அதிகாரத்தைத் தானாகத் துறக்கும் ஆட்சியாளரைக் காண்பது அரிது. அவ்வகையில் அது பெருந்தன்மையான செயல். ஆனால், துறந்த அதிகாரம் எவர் கைக்குச் செல்வது என்பதை அவ்வறிக்கை சொல்லவில்லை. நீதிமன்றமோ சட்டமன்றமோ அங்கே இல்லை. அரியணை இருந்தது, அமர்வார்தாம் இல்லை.

மூன்று திங்கள் சென்றன. 1993ஆம் ஆண்டு மார்ச் மாதத்து இரவொன்றில் ‘பங்கிள்’ என்ற பெயரில் உலவிய ஒருவன் மக்கள் நிறைந்த வரவேற்பறையிலே, சூனியப் பொம்மை என்னும் சூழ்ச்சி நிரலொன்றைப் பயன்படுத்தி, பிறர் செய்யாதவற்றை அவர்களே செய்தனர்போல் எழுத்தில் தோன்றச் செய்தான். பெண்பாத்திரங்கள் உட்படச் சிலரை நாவாற் சொல்லத்தகாத இழிவுக்கு உள்ளாக்கினான். நிகழ்ந்தவை சொற்களே, உடலில் எவர்க்கும் ஊறில்லை. ஆயினும், அவமானப்பட்டோருள் ஒருவர், சீயாட்டில் நகரத்துப் பெண்மணி, மறுநாள் தம் வேதனையை எழுதியபொழுது கண்ணீர் பெருகியது மெய்யாகவே இருந்தது. அவனைத் ‘தேரையாக்க’ வேண்டும் என்று அவர் கோரினார். பழங்கதைகளில் மந்திரவாதி பகைவனைத் தேரையாக மாற்றுவான் அன்றோ? அவ்வுலகில் அச்சொல் ஒருவரின் பாத்திரத்தை முற்றாக அழித்தலைக் குறித்தது.

மூன்று நாட்கள் கழித்து ஏறத்தாழ முப்பது பேர் கூடி ஆராய்ந்தனர். ஆட்சிமுறை பற்றிய கோட்பாடுகள் யாவும் அங்கே வாய்திறந்து பேசின. எழுதப்பட்ட விதியில்லாதபோது தண்டனை எங்ஙனம், முதலில் சட்டம் இயற்றுங்கள் என்றனர் ஒரு சாரார். மந்திரவாதிகள் மீண்டும் ஆளவேண்டும் என்றனர் வேறொரு சாரார். பிடிக்காதவனின் சொற்களைத் தம் திரையில் மறைக்கும் கட்டளை இருக்கிறதே, அதனைப் பயன்படுத்துவதுதானே என்றனர் மற்றொரு சாரார். பங்கிளும் அங்கு வந்தான். தான் செய்தது ஒரு சோதனையே என்றும், அதனால் மெய்வாழ்வில் விளைவு எதுவும் இல்லை என்றும் உரைத்தான். நெடுநேரம் பேசியும் முடிவு எட்டப்படவில்லை. கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது.

அங்கே வாளாவிருந்து கேட்டுக்கொண்டிருந்த மந்திரவாதி ஒருவர், எவரையும் கலந்துகொள்ளாது, அவ்விரவே கட்டளையை எழுதி முடித்தார். பங்கிள் மறைந்தான். பலர் மனம் ஆறினர். ஆயின், ஆறிய மனங்களிலும் ஒரு நெருடல் இருந்தது. நியாயம் கிடைத்தது உண்மை. ஆனால், எந்த விதியின்படி? எவர் தந்த ஆணையால்? இன்று குற்றவாளி மீது பாய்ந்த அதே கை, நாளை குற்றமற்றவர் மீது பாயின் தடுப்பவர் யார்? இந்நிகழ்ச்சியை ஜூலியன் டிபெல் என்னும் எழுத்தாளர் அவ்வாண்டு டிசெம்பரில் நியூயோர்க்கின் ‘வில்லேஜ் வொய்ஸ்’ இதழில் எழுத, சட்ட அறிஞரும் சமூகவியலாளரும் அச்சிற்றூரைத் திரும்பிப் பார்த்தனர்.

அலுவல் நிமித்தம் வெளியே சென்றிருந்த கேர்டிஸ் மீண்டுவந்து நிகழ்ந்ததை அறிந்தார். தாம் விட்டுச்சென்ற வெற்றிடமே இதற்குக் காரணம் எனக் கண்டார்போலும். மக்களாட்சி முறையொன்றை அமைத்தார். எவரும் மனு எழுதலாம். போதிய கையொப்பம் சேர்ந்தால், அது செய்யக்கூடியதா, தெளிவானதா, நாட்டுச் சட்டத்துக்கு முரணாகாததா என மந்திரவாதிகள் ஆராய்வர். பின்னர் பொது வாக்கெடுப்பு. எதிர்ப்போரிலும் ஆதரிப்போர் இருமடங்கானால் மனு சட்டமாகும். மந்திரவாதிகள் அதனை மறுபேச்சின்றி நிறைவேற்றுவர்.

அவ்வழியே நடுத்தீர்ப்பு முறையும் பிறந்தது. ஊரவரிலிருந்தே நடுவர் தெரிவாயினர். எவரும் எவர்மீதும் வழக்குத் தொடுக்கலாம். தொடக்கத்தில் இது பெரும் வெற்றியாகத் தோன்றியது. நாட்போக்கில் அதன் மறுபக்கமும் தெரியலாயிற்று. விதிகள் பெருகப்பெருக, அவற்றின் சொற்களைப் பிளந்து பொருள் காண்போரும் பெருகினர். வம்புசெய்ய விரும்பியவன் விதியின் எல்லைக் கோட்டிலேயே நடமாடி, நான் கோட்டைத் தாண்டவில்லை என்றான். துன்புற்றவரோ தம் துன்பத்தை எந்தப் பிரிவின்கீழ் முறையிடுவது என்று தேடவேண்டியவராயினர். நடுவர்மீதே வழக்குகள் எழுந்தன.

இதனினும் ஆழமான சிக்கல் ஒன்று இருந்தது. தொழில்நுட்பம் வேறு, சமூகம் வேறு என்ற பிரிவே பொய்யானது. கணனியின் நினைவகத்தில் எவருக்கு எவ்வளவு இடம் என்பது தொழில்நுட்பம் போலத் தோன்றும். உண்மையில் அது ஊரின் காணிப் பங்கீடன்றோ? மனுவொன்று தெளிவற்றது என்று மந்திரவாதி திருப்பியனுப்பினால், அதுவும் தீர்ப்பேயாகும். தலையிடாமல் இருப்பதும் வலியவன் பக்கம் நிற்பதாக முடிந்த வேளைகள் உண்டு. கையைக் கட்டிக்கொண்டதாகச் சொன்னவர்களின் கைகள் ஒருநாளும் கட்டப்பட்டிருக்கவில்லை.

1996ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் மந்திரவாதிகள் மற்றோர் அறிக்கை வெளியிட்டனர். கடந்த ஆண்டுகளில் தாம் சமூகம் பற்றிய முடிவுகளைத் தவிர்க்க முடியாது எடுத்தே வந்ததாகவும், இனி அவ்வாறு எடுக்கத் தமக்கு உரிமை உண்டெனக் கொள்வதாகவும் அதில் ஒப்புக்கொண்டனர். விவேக ஆட்சி, துறவு, சட்ட ஆட்சி, மீண்டும் விவேக ஆட்சி என ஒரு முழுச் சக்கரம் ஆறாண்டுகளுக்குள் சுழன்று முடிந்தது.

இதனால், மக்களாட்சி தோற்றது என்று முடிவுசெய்தல் பொருந்தாது. விதிகள் வகுக்கப்படாதிருந்தால், அவ்வூரவர் தம்மைத் தாமே ஆளும் பயிற்சியை ஒருகாலும் பெற்றிருக்க மாட்டார்கள். விவேகம் வென்றது என்று கூறுவதும் அவசரமாகும். ஒரு மந்திரவாதியின் தனிமுடிவு ஒரு தீங்கை அகற்றியதே ஒழிய, ஊராரின் ஐயத்தை அகற்றவில்லை. விதியைக் கையாள்பவர் எப்பொழுதும் ஒரு மனிதரே. ஆதலால், விதியின் பின்னால் விவேகம் மறைந்து நிற்கின்றது. அதை இல்லை என்று மறைத்த காலத்திலேயே லாம்டாமூவில் நம்பிக்கை மிகவும் குலைந்தது. மந்திரவாதிகள் உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொண்டபொழுது, கோபங்கொண்டவர்க்கும் தாம் யாரை நோக்கிக் கோபங்கொள்வது என்பதாவது தெளிவாயிற்று.

ஹபிட்டாட்டின் துப்பாக்கியை இங்கு மீண்டும் நினைத்தல் தகும். முதல் முறை அதிகாரம் மறைவிலிருந்து அச்சுறுத்தியது. இரண்டாம் முறை அது ஊர் நடுவே வந்து, யாவரும் அறிந்த விதிக்கு உட்பட்டுப் பேசியது. காரணம் சொல்லிச் செய்வது, யாவரும் காணச் செய்வது, பிழையாயின் திருத்த இடம் வைத்துச் செய்வது ஆகிய இம்மூன்றும் அமைந்தால் விவேகத்துக்கு மக்கள் அஞ்சார், விதியையும் வெறுக்கமாட்டார்.

திருவள்ளுவர் செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். கண்ணோட்டத்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஒன்றை வைத்து மற்றொன்றை அவர் விட்டுவிடவில்லை. பள்ளிக்கூடமாயினும் பட்டினசபையாயினும், கம்பிகளின் வழியே கூடும் விளையாட்டூராயினும், நேரிய கோலும் வளையும் கோலும் ஆகிய இரண்டும் அங்கே வேண்டப்படுவன. எவ்வேளையில் எதனை எடுப்பது என்பதை எந்த விதிநூலும் முழுமையாகச் சொல்லிவிட முடியாது. ஆனால், எதனை எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்பதை ஊராருக்குச் சொல்லும் கடமை, கோலை ஏந்திய ஒவ்வொருவர்க்கும் உண்டு.