ஆறு அங்குலத் துணியில் ஒரு பெயர்: சாங்கிச் சிறைப் போர்வைகள்



"வீட்டிலேயே செய்த கைவினைப் பரிசு" என்று ஒரு தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். பத்துக் கட்டுரையில் எட்டு ஒரே மாதிரி வரும். கடையில் வாங்குவதைவிட அன்பு கலந்தது, பாட்டியின் கண்கள் கலங்கின, என் மனம் மகிழ்ந்தது. அவ்வளவுதான், முடிஞ்சது. எந்தத் துணி, யார் தைத்தது, ஊசி நூல் எங்கிருந்து வந்தது, ஏன் அந்தப் பரிசு தேவைப்பட்டது? ஒன்றும் இருக்காது. அதனால்தான் இந்தத் தலைப்பை நடத்தும்போது நம் ஊர் வரலாற்றிலிருந்தே ஓர் உண்மைக் கதையை எடுத்துக்கொள்கிறேன்.

நான் பாடம் சொல்லித் தருவது செம்பவாங்கில். இங்கே கப்பல் பட்டறைப் பக்கம் போகும் மாணவர்களுக்குப் பழைய கடற்படைத் தளம் தெரிந்திருக்கும். அதன் பெரிய உலர்துறைக்கு ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயர் வைத்து 14.2.1938 அன்று திறந்தார்கள். தமிழர், மலையாளிகள் பலருக்குச் சோறு போட்ட தளம் அது. நான்கு ஆண்டுகூட நிற்கவில்லை. 1942 பிப்ரவரியில் இந்தத் தளத்தின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்து, கரும்புகை நகரம்வரை பரவியது. பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது.

மார்ச் 8-ஆம் தேதி, காத்தோங் பக்கம் அடைத்து வைக்கப்பட்டிருந்த வெளிநாட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் சாங்கிச் சிறைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். ஏறக்குறைய 7 மைல், நல்ல வெயிலில். சுமார் 400 பேர். ஆங்கிலேயர் மட்டுமல்ல, யுரேசியப் பெண்களும் அவர்களில் இருந்தார்கள். 600 கைதிகளுக்காகக் கட்டிய சிறை அது. ஆண்களையும் சேர்த்து அதில் ஆயிரக்கணக்கானோரை அடைத்தார்கள். பெண்களுக்குத் தனிப் பகுதி. பலருடைய கணவன்மார் போர்வீரர்கள். அவர்கள் பக்கத்திலேயே இருந்த படைமுகாம்களில் கைதிகளாக இருந்தார்கள். இருந்தார்களா, செத்துவிட்டார்களா? அதுதான் பெண்களுக்குத் தெரியாது. கடிதத்துக்கு அனுமதி இல்லை.

அந்தச் சிறையில் செஞ்சிலுவைச் சங்கப் பிரதிநிதியாக இருந்தவர் எத்தல் மல்வேனி என்ற கனடாப் பெண்மணி. காயம்பட்டு மருத்துவமனையில் கிடக்கும் வீரர்களுக்கு ஒட்டுப்போர்வை தைத்துக் கொடுக்கலாம் என்று அவர் ஒரு யோசனை சொன்னார். (துண்டு துண்டாகத் தைத்து ஒன்றாக இணைக்கும் போர்வை. நம் வீடுகளில் பழைய சேலையில் தைப்போமே, அதற்குத் தூரத்துச் சொந்தம்.) ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆறு அங்குலச் சதுரத் துணி ஒன்று. மாவு மூட்டையும் பழைய படுக்கை விரிப்பும்தான் துணி. அதில் உங்களைப் பற்றி எதையாவது தைத்து, பெயரும் போடுங்கள் என்றார். ஒரு போர்வைக்கு 66 சதுரம். மூன்று போர்வை, ஆகமொத்தம் 198 சதுரம்.

எதற்காகப் பெயர்? இங்கேதான் மாணவர்களைக் கொஞ்சம் நிறுத்த வேண்டும். மருத்துவமனையில் கிடக்கும் ஒரு வீரன் அந்தப் பெயரைப் படிப்பான். "உன் மனைவி பெயரைப் போர்வையில பார்த்தேன், உசுரோட இருக்கா" என்று இன்னொருவனிடம் சொல்வான். கடிதம் போக முடியாத இடத்துக்குத் துணி போனது. சிலர் பூ தைத்தார்கள், சிலர் சொந்த ஊர் வீட்டைத் தைத்தார்கள். தங்கள் சிறை அறையையே கேலியாகத் தைத்தவர்களும் உண்டு.

மூன்றில் ஒன்று காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்களுக்கு, இன்னொன்று ஆஸ்திரேலியருக்கு. மூன்றாவது, காயம்பட்ட ஜப்பானிய வீரர்களுக்கு.

முன்பெல்லாம் இதை "எதிரிக்கும் அன்பு காட்டினார்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவேன். ஒருமுறை உயர்நிலை மூன்று மாணவன் ஒருவன் விடவில்லை. "டீச்சர், அவங்களுக்கும் ஒண்ணு கொடுத்தாதானே மத்த ரெண்டையும் வெளியே விடுவாங்க?" அவன் சொன்னது சரி. சிறை அதிகாரிகளின் சம்மதம் வாங்க அது ஒரு வழி என்றே பொதுவாகச் சொல்கிறார்கள். அப்படியென்றால் அன்பு பொய்யா? நான் அப்படி நினைக்கவில்லை. ஜப்பானியருக்கான போர்வையிலும் 66 சதுரங்கள் பொறுமையாகத் தைக்கப்பட்டுள்ளன. ஒருவருக்கு அது தந்திரமாக இருந்திருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து தைத்தவருக்கு இரக்கமாக இருந்திருக்கும். தேர்வில் ஒரு செயலுக்கு ஒரே காரணம் எழுதி நிறுத்திவிடும் பழக்கத்தை மாற்ற, இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

போர்வையின் பின்பக்கத்தில் ஒரு குறிப்பும் தைத்திருக்கிறார்கள். 1942-இல் சாங்கி முகாம் பெண்கள் அளித்தது, போர் முடிந்ததும் செஞ்சிலுவைச் சங்கத்திடம் சேர்க்க வேண்டும் என்று ஆஸ்திரேலியப் போர்வையில் இருக்கிறது. கடைசி வரி, இதை டிரை கிளீன் செய்வது நல்லது என்ற அறிவுரை! குளிக்கவே தண்ணீருக்குத் திண்டாடிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படி எழுதியிருக்கிறார்கள். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற நம் பழமொழியை நடத்தும்போது இதையும் சொல்லுங்கள், வகுப்பு சிரிக்கும், மறக்காது. ஜப்பானிய, ஆஸ்திரேலியப் போர்வைகள் இரண்டும் இன்று கான்பெராவின் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன. மற்றது பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம்.

சிறுமிகள் தைத்த போர்வை ஒன்றும் உண்டு. சிறைக்குள் எலிசபெத் என்னிஸ் என்ற தாதி, சிறுமிகளைச் சேர்த்துச் சாரணியர் குழு ஒன்று நடத்தினார். சுமார் இருபது பிள்ளைகள். அவருடைய பிறந்தநாளுக்காக ரகசியமாக ஒரு போர்வை தைக்கத் தொடங்கினார்கள். கந்தல் துணியைச் சிறு சிறு அறுகோணமாக வெட்டி, நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என்று பூப்போல இணைத்தார்கள். நடுத்துண்டில் தைத்தவள் பெயர். பழைய உடுப்பிலிருந்து உருவிய நூல்தான். முழுதாக முடியாத அந்தப் போர்வை இப்போது லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வகுப்பில் செய்ய இந்த அறுகோணம்தான் எளிது. அட்டையில் ஓர் அறுகோணம் வெட்டிக்கொள்ளுங்கள். துணியை அதைவிட அரை அங்குலம் பெரிதாக வெட்டி, ஓரத்தை அட்டைக்குப் பின்னால் மடித்துத் தளர்வாகத் தையுங்கள். ஏழு துண்டு சேர்ந்தால் ஒரு பூ. துண்டுகளை இணைத்த பிறகு அட்டையை உருவிவிடலாம். நடுத்துண்டில் பெயரைத் தமிழில் சங்கிலித் தையலாகப் போடச் சொல்லுங்கள். 'ஜெ' போன்ற எழுத்துகளின் சுழியை ஊசியால் வளைத்துப் பார்த்தால்தான் அதன் கஷ்டம் தெரியும். அதன் பிறகு கட்டுரை எழுதச் சொல்லுங்கள், வித்தியாசம் தெரியும்.

ஒன்று மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதே 1942, 43-இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர்ப் பாதை. திரும்பாதவர்கள் ஏராளம். பலருடைய பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை, துணியிலும் இல்லை.

இந்தப் பாடத்தை நடத்திய வாரம், ஒரு மாணவி வீட்டிலிருந்து ஒரு போர்வை கொண்டு வந்தாள். மூன்று பழைய பருத்திச் சேலைகளை அடுக்கி, ஓரம் முதல் ஓரம் வரை ஓட்டுத் தையல் போட்டது. நூல் பல இடங்களில் அறுந்திருந்தது. குடும்பம் மூன்று தலைமுறையாகச் செம்பவாங்கில்தான். யார் தைத்தது என்று கேட்டேன். "தாத்தாவோட அம்மா டீச்சர்." பேரு என்னம்மா? முழித்தாள். அம்மாவுக்கு ஃபோன் போட்டாள், அவருக்கும் தெரியவில்லை. அடுத்த வாரம் தாத்தாவிடம் கேட்டுப் பெயரோடு வந்தாள். போர்வையின் ஓரத்தில் அதைத் தைக்கலாமா என்று வீட்டில் கேட்டிருக்கிறாளாம். எந்த நிற நூல் எடுப்பது என்று இப்போது என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.